ஐம்பத்தெட்டு அட்டைகள்

கண்டியில் மஹியாவ மரண சகாய சங்கத்தின் செயலாளராக நான் பதினாறு வருஷம் இருந்தேன். அந்தப் பதினாறு வருஷத்துக் கூட்டக் குறிப்புகளிலும் ஓர் எழுத்துப்பிழையைக்கூடக் கண்டுபிடித்தவர் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு பெரிய பிழையை எழுதி வைத்தவன் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நகரசபையில் வேலை செய்த எங்கள் ஆட்களும், கொழும்பு வீதிக் கடைகளில் எழுத்து வேலை பார்த்த என்னைப் போன்றவர்களும் சேர்ந்து நடத்திய சங்கம் அது. அங்கத்தவர் வீட்டில் சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், உட்கார வாங்குகள், குழி வெட்ட இரண்டு பேர், தூக்க எட்டுப் பேர் எல்லாமே சங்கத்தின் பொறுப்பு. அதையெல்லாம்விடப் பெரிய விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு அங்கத்தவர் வீட்டிலிருந்தும் ஓர் ஆள் மயானம்வரை வந்தே ஆகவேண்டும். மடுல்கெல்லவிலும் ஹுன்னஸ்கிரியவிலும் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் பிழைப்புக்காகக் கண்டிக்கு வந்து, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் இருந்த சனங்களுக்கு அந்த ஒரு விதிதான் சொந்தக்காரர்.

வருடாந்தப் பொதுக்கூட்டம் ஆகஸ்ட் மாதம் முதல் ஞாயிறு. சங்கம் தொடங்கிய நாள் என்று பெரியவர்கள் அப்படி எழுதி வைத்துவிட்டார்கள். கண்டிப் பெரஹெர ஊர்வலம் நெருங்குகிற காலம் என்பது அவர்களுக்கு எப்படித் தோன்றாமல் போனதோ தெரியவில்லை. பெரஹெர வந்துவிட்டால் நகரசபைத் தொழிலாளிக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? வீதி கூட்ட, சாக்கடைக் கான் துப்புரவாக்க, வேலி கட்ட என்று விடியுமுன்னே போய்விடுவார்கள். அதனால் கூட்டத்துக்கு அவர்களுடைய பெண்சாதிமார் வருவார்கள். வரும்போது புருஷனின் அங்கத்துவ அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். நான் ஆளை எண்ணமாட்டேன், அட்டையை எண்ணுவேன். அட்டை வந்துவிட்டால் அந்த வீடு வந்துவிட்டது என்பது எங்கள் கணக்கு. தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னால் அந்தப் பெண்களும் தூக்குவார்கள். இப்படித்தான் வருஷக்கணக்காக நடந்தது. ஆனால் எங்கள் விதிப்புத்தகத்தின் பதினோராம் விதி, தீர்மானம் செல்லுபடியாக வேண்டுமானால் நாற்பது அங்கத்தவர்கள் நேரில் இருக்கவேண்டும் என்கிறது. அந்த விதியை நான் மனப்பாடமாகச் சொல்வேன். சொல்லிக்கொண்டே அட்டையை எண்ணுவேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷக் கூட்டத்தில் இரத்தினம்மா எழுந்து நின்றாள்.

அந்த வருஷம் சித்திரையில்தான் அவள் புருஷன் அழகமுத்து செத்துப்போயிருந்தான். நல்ல அங்கத்தவன். சங்கம் அவனைக் குறையில்லாமல் எடுத்து அடக்கம் செய்தது. ஆனால் அங்கத்தவர் செத்தால் அவருடைய அங்கத்துவமும் அதோடு முடிந்தது. விதவை மகனுடைய அட்டையில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். மகன் இல்லாவிட்டால்? விதியில் அதற்குப் பதில் இல்லை. எழுதியவர்களுக்கெல்லாம் மகன்கள் இருந்திருப்பார்கள்.

இரத்தினம்மாவுக்குப் பிள்ளை இல்லை. செத்த புருஷனின் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பேசினாள். ஒரு பொதுக்கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"அவுங்க கடைசி வரைக்கும் செஞ்ச வேல உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரில கேக்க ஆளில்லாத பொணத்த லொறில ஏத்திட்டுப் போயிப் பொதைப்பாங்க. பேரு தெரியாது. ஒரு குச்சில நம்பர எழுதி நடுவாங்க. வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு, இன்னைக்கு ஒரு அப்பா, இன்னைக்கு ஒரு அம்மான்னு எங்கிட்டச் சொல்லுவாங்க. என்னைய அந்த லொறில ஏத்திராதீங்க. என் பேரையும் ஒரு வரில எழுதி வச்சிக்கிருங்க."

அவ்வளவுதான் பேசினாள். உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தலைவர் மூக்கையா, நகரசபையில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகனில்லாத விதவை தன் சொந்தப் பெயரிலேயே அங்கத்தவராகத் தொடரலாம் என்று தீர்மானம் போட்டோம். ஐம்பத்தொரு கைகள் ஆதரவு, ஏழு எதிர்ப்பு. அட்டைகள் ஐம்பத்தெட்டு. 'ஐம்பத்தெட்டு அங்கத்தவர்கள் சமுகமளித்தனர்' என்று குறிப்பில் எழுதினேன். மூக்கையா கையெழுத்து வைத்தார். அன்று சாயங்காலமே அங்கத்தவர் பதிவேட்டில் 143 என்று இலக்கமிட்டு இரத்தினம்மா என்று முத்து முத்தாக எழுதினேன். யாருடைய மனைவி என்று எழுதவில்லை. பெயர் மட்டும்.

அதை எழுதும்போது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தோட்டத்துச் சனம் இந்த நாட்டவர் என்று மனுப் போட்டு நிரூபிக்கவேண்டிய காலம் அது. என்னுடைய பிரஜாவுரிமை மனு அதற்கு மூன்று வருஷம் முந்தித் தள்ளுபடியாகியிருந்தது. நான் வேலை பார்த்த கடை இடம் மாறியிருந்தது. விசாரணைக்கு வரச்சொல்லி அனுப்பிய கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. நான் போகவில்லை. சமுகமளிக்கவில்லை என்று ஒரு வரி எழுதி மனுவை முடித்துவிட்டார்கள். கண்டியில் பிறந்து, கண்டியில் படித்து, கண்டியில் தாடி நரைக்கப்போகிற எனக்கு எந்த நாட்டுப் புத்தகத்திலும் பெயர் இல்லை. ஆகவே ஒருவருடைய பெயரைப் புத்தகத்தில் ஏற்றுவது எனக்குச் சும்மா காரியமில்லை.

அன்று எதிர்த்துக் கை தூக்கிய ஏழு பேரில் முதல் கை வீரசிங்கத்தினுடையது. அவர் சங்கத்தின் உபதலைவர். நகரசபைக் களஞ்சியத்தில் பொறுப்பாளர். குண்டசாலையில் வீடு கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து போகிறவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. சாவு வீடுகளுக்கு முதல் ஆளாக வருவார். ஆனால் தொழிலாளர் குடியிருப்பு லயங்களில் ஒரு வாய்த் தேத்தண்ணி வாங்கிக் குடித்ததை நான் பார்த்ததில்லை. அழகமுத்து செய்த வேலையைச் செய்தவர்கள் வீட்டில் உட்காரவும் மாட்டார். அவர் ஏன் எதிர்த்தார் என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். முடிவும் அதே வேகத்தில் வரும்.

செப்டெம்பர் கடைசியில் செயற்குழு கூடியபோது வீரசிங்கம் ஒரு கடிதம் கொடுத்தார். ஆகஸ்ட் கூட்டத்தில் அங்கத்தவர் நேரில் இருந்தது இருபத்தேழு பேர் மட்டுமே, மீதி முப்பத்தொன்றும் மனைவிமார் கொண்டுவந்த அட்டைகள், அதிலும் ஓர் அட்டை இறந்தவருடையது, பதினோராம் விதிப்படி கூட்டமும் செல்லாது தீர்மானமும் செல்லாது என்று வரிசையாக எழுதியிருந்தார். நான் அவரோடு மல்லுக்கு நின்றேன். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்த விதி இப்போதுதான் கண் திறந்ததா என்று கேட்டேன். வாய்க்கு வந்த வேறு சிலதையும் கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து நான் வேலை பார்த்த கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"என் பிரஜாவுரிமை மனுவ எதுக்குத் தள்ளுனாங்க தெரியுமா செல்லச்சாமி? சாட்சிக்காரன் கையெழுத்த ஒரு கோடு தள்ளிப் போட்டுட்டான். வேற ஒண்ணுமில்ல. நம்மளக் கடதாசியாலதான் அடிக்கிறாங்க. நம்ம கையில இருக்கிற கடதாசியாவது சுத்தமா இருக்கணும். நாளைக்கு எவனாவது இந்தச் சங்கம் சட்டப்படி நடக்கலைன்னு மனு போட்டுப் பதிவ வெட்டிட்டா, நூத்திநாப்பது வீட்டுப் பொணமும் அந்த லொறிலதான் போகும்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரே அடியைத்தான் இரண்டு பேரும் வாங்கியிருக்கிறோம். அவர் இனி ஒரு புள்ளிகூடப் பிசகக்கூடாது என்று போனார். நான் புள்ளியாவது கோடாவது என்று போனேன். ஆனாலும் கோபத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், சட்டம் தெரிந்தவரிடம் போவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிரக்கிராசியார் அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக் கோர்ட்டில் முப்பது வருஷமாக வழக்குப் பேசுகிறவர். சங்கத்துக்காக என்றால் காசு வாங்கமாட்டார். மூக்கையா, வீரசிங்கம், நான் மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை அவருடைய கந்தோரில் போய் உட்கார்ந்தோம். வீரசிங்கத்தின் கடிதத்தைப் படித்தார். பிறகு என் குறிப்புப் புத்தகத்தைப் படித்தார். என் எழுத்தைப் பார்த்துப் பாராட்டவும் செய்தார். அது எனக்கு இப்போதும் கசக்கிறது.

கூட்டத்தில் நடக்கும் எல்லாப் பிழையும் தீர்மானத்தைக் கொல்லாது என்று விளக்கினார். அறிவித்தல் ஒரு நாள் பிந்திப் போயிருக்கலாம், தலைவர் ஒரு பக்கத்தில் ஒப்பமிட மறந்திருக்கலாம், அதனால் எவருக்கும் அநியாயம் நடக்கவில்லையென்றால் சட்டம் அதைப் பெரிதாக எடுக்காது. வேண்டிய அங்கத்தவர் தொகை இல்லையென்றால் கதை வேறு. அப்போது அது கூட்டமே இல்லை. சிலர் ஒரு மண்டபத்தில் இருந்து பேசினார்கள், அவ்வளவுதான். முந்திய வருஷங்களும் அப்படித்தானே நடந்தன என்று மூக்கையா இழுத்தார். எவரும் கேளாத பழைய கதையைக் கிளறவேண்டாம் என்று அவரைத் தடுத்துவிட்டு, பிரக்கிராசியார் என் பக்கம் திரும்பினார்.

"செயலாளர், இந்த ஐம்பத்தெட்டுப் பேரும் அங்கத்தவர்தானோ?"

"அட்டை ஐம்பத்தெட்டுங்க ஐயா."

"நான் அட்டையைக் கேக்கேல்லை. ஆக்களைக் கேக்கிறன்." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தலைவர் கையெழுத்து வைச்ச குறிப்பு இது. நீர் இது சரி எண்டு சொன்னால் ஒருத்தரும் லேசிலை அசைக்கேலாது. பிழை எண்டு சொன்னால் அண்டைக்குக் கூட்டமே நடக்கேல்லை. இனி எல்லாம் உம்மடை வாயிலைதான்."

சரி என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்கள் யாரும் மறுக்கப்போவதில்லை. வீரசிங்கம் ஓர் ஆள். புத்தகம் என் பக்கம். ஒரு வார்த்தைதான். நான் அதைச் சொல்லவில்லை. "இருபத்தேழு பேருங்க ஐயா" என்றேன். உண்மையின் மேல் இருந்த பக்தி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பக்தியும் கொஞ்சம் இருந்தது. ஆனால் படித்த மனிதர் ஒருவர் முன்னால் பொய்க்காரனாக நிற்கக் கூச்சப்பட்டேன் என்பதும் உண்மை. அதோடு அவரே வழியும் சொல்லிவிட்டார்: பதினான்கு முழு நாள் அறிவித்தல் கொடுத்து விசேஷ பொதுக்கூட்டம் கூட்டுங்கள், அங்கத்தவர்கள் நேரில் வரட்டும், அதே தீர்மானத்தைத் திரும்ப நிறைவேற்றுங்கள், பிறகு கடவுளாலும் அசைக்கமுடியாது. பதினான்கு நாள் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். அதுவரை தீர்மானம் இல்லாததால் பதிவேட்டில் இரத்தினம்மாவின் பெயரும் இருக்கக்கூடாது என்றார் வீரசிங்கம். அடிமட்டத்தை வைத்துச் சிவப்பு மையால் நானே கோடு போட்டேன்.

இந்த முறை அறிவித்தலில் ஒரு குறை வைக்கவில்லை. நூற்று நாற்பத்திரண்டு கடிதம், ஒவ்வொரு விலாசத்தையும் ஆளிடம் கேட்டு உறுதிசெய்து, நானே எழுதி, நவம்பர் மூன்றாம் திகதி தபாலில் சேர்த்தேன். கூட்டம் பதினெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. பெரஹெர இல்லை, திருவிழா இல்லை, ஆட்கள் வரத் தடையில்லை. தபால் கந்தோரிலிருந்து நேரே இரத்தினம்மாவின் லயத்துக்குப் போனேன். யாராவது வாய்வழியாகச் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது.

அவளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து, விதி, அங்கத்தவர் தொகை, அட்டை என்று விளங்கப்படுத்தினேன். சிவப்புக் கோட்டைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "நானுங் கையத் தூக்குனேன். அதனால கெட்டுப்போச்சாய்யா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். உன்னால் ஒன்றும் கெடவில்லை, எண்ணியவன் பிழை என்றேன். அவள் அதை எந்த அளவுக்கு நம்பினாள் என்று தெரியவில்லை. விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தாள்.

"பதினஞ்சு நாளுதானங்கய்யா? இருந்துக்கிறேன்."

ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொன்னதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மருந்து எடுக்கிறாயா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் அக்கம்பக்கத்தார் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் இன்று என்ன திகதி என்றுதான் கேட்டாள். பதினைந்தாம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் செத்துப்போனாள். கூட்டத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மூக்கையாவும் வீரசிங்கமும் நானும் ஆஸ்பத்திரிப் பிரேத அறைக்குப் போனோம். மழை. அங்கே மேசையில் இருந்தவர் வயசான சிங்களவர். பண்பான மனிதர். உறவினர் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். மூக்கையா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், நாங்கள் சங்கத்து ஆட்கள் என்றார். இந்தப் பெண் சங்கத்தில் அங்கத்தவர்தானே, அப்படியென்றால் செயலாளர் ஒரு கடிதம் தந்தால் போதும், எடுத்துக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை நகரசபைக்கு அறிவிப்போம் என்று சொல்லி, எங்களைப் பார்த்தார்.

சங்கத்தின் தலைப்புக் கடதாசியும் முத்திரையும் என் பையில் இருந்தன. பேனா சட்டைப் பையில். பிரக்கிராசியார் முன்னால் சொல்லக் கூசிய பொய்யை இப்போது எழுதத் தயாராகிவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் அங்கத்தவராகச் செத்திருப்பாள். பெயருக்குக் குறுக்கே கோடில்லாமல் செத்திருப்பாள். கடதாசியை மேசையில் விரித்து 'எமது சங்கத்தின் அங்கத்தவரான' என்றுவரை எழுதிவிட்டேன்.

வீரசிங்கம் என் கையைப் பிடித்தார். "வேணாம்" என்றார்.

"இன்னும் என்ன விதிண்ணே பாக்கி இருக்கு?" என்று அந்த இடத்திலேயே கத்திவிட்டேன். மூக்கையா என் தோளைப் பிடித்து அமர்த்தினார்.

வீரசிங்கம் எழுதியவரைக்கும் இருந்த கடதாசியை எடுத்து நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மேசைக்காரரைப் பார்த்து, "மகே நங்கி" என்றார். என் தங்கை.

மேசைக்காரர் அவருடைய சட்டையையும் சப்பாத்தையும் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வந்ததா இல்லையா என்று சொல்லமுடியாது. ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். இறந்தவரின் தகப்பன் பெயர் கேட்ட இடத்தில் வீரசிங்கம் தன் தகப்பன் பெயரை எழுதினார். உறவு முறை கேட்ட இடத்தில் சகோதரன் என்று எழுதினார். கையெழுத்துக் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, அதன்மேலேயே சரியாக ஒப்பமிட்டார். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே பொய்ப் பத்திரம் அதுவாகத்தான் இருக்கும்.

வெளியே விறாந்தைக்கு வந்த பிறகுதான் என்னிடம் பேசினார்.

"உங்க கையில இருக்கிறது சங்கத்தோட முத்திர. சங்கம் பொய் சொல்லக்கூடாது. நான் சொல்லலாம். பதினேழாம் விதி, அங்கத்தவரோட விதவைச் சகோதரி செத்தா சங்கம் எடுக்கணும். ஏங் கணக்குல எழுதுங்க."

எழுதினேன். அந்த விறாந்தைச் சுவரில் புத்தகத்தை வைத்து, மழைச்சாரல் படாமல் மூக்கையா குடை பிடிக்க எழுதினேன். 'அங்கத்தவர் வீரசிங்கத்தின் சகோதரி.' எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை மாசம் அந்த மனிதரைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் பிழையாகிப் போனது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பெட்டிக்குச் சொல்லி அனுப்பவேண்டும் என்றேன்.

அன்று பின்னேரமே எடுத்தோம். லயத்து வாசலில் தகரப் பந்தல் போட்டு, வாங்குகள் போட்டு, எல்லாம் முறைப்படி. வீரசிங்கத்தின் மனைவி யசோதா குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, முன்பின் பார்த்தறியாத இரத்தினம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வரும்வழியில் புருஷன் என்ன சொல்லிவைத்தாரோ தெரியாது. சொந்த நாத்தனாருக்கு அழுவதுபோல அழுதாள். வீரசிங்கம் மொட்டை அடித்துக்கொண்டார். ஈர வேட்டியோடு அந்த லயத்துச் சாணித் தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தார். பின்னால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள். வேலைக்குப் போன ஆம்பிளைகளெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அவருக்குத் தங்கை கிடையாது என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விசேஷ பொதுக்கூட்டம் கூடியது. வாசலில் நின்று ஆளை எண்ணினேன். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, பெயரைக் கேட்டு, ஒப்பம் வாங்கி எண்ணினேன். தொண்ணூற்று மூன்று அங்கத்தவர்கள் நேரில். பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கை தூக்க உரிமையில்லை என்று தெரிந்தும் வந்து விறாந்தையில் நின்றார்கள். வீரசிங்கம் மழித்த தலையோடு வந்து உபதலைவருக்கான கதிரையில் உட்கார்ந்தார். தீர்மானத்தை முன்மொழிவது யார் என்று மூக்கையா கேட்டபோது அவர்தான் எழுந்தார். மகனில்லாத விதவை தன் சொந்தப் பெயரில் அங்கத்தவராகலாம். தொண்ணூற்று மூன்று கைகள். எதிர்ப்பு ஒன்றுமில்லை. பிரக்கிராசியார் சொன்னபடி இனிக் கடவுளாலும் அசைக்கமுடியாது. யாருக்காகக் கொண்டுவந்தோமோ அவள் மண்ணுக்குள் போய் இரண்டு நாளாகியிருந்தது.

கூட்டத்தின் கடைசியில், போன கூட்டத்துக்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கவேண்டும். ஐந்து பெயர்கள் இருந்தன. எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் பதிவில் உள்ளபடியே, கடைசியாக இறந்தவரிலிருந்து வாசித்தேன்.

"அங்கத்தவர் வீரசிங்கத்தின் சகோதரி..."

"ஒரு திருத்தம்" என்றார் வீரசிங்கம்.

மனுஷன் எழுதிய பொய்யைச் சபையில் ஒப்புக்கொள்ளப் போகிறார், புதைத்த பிணத்துக்கும் பதினேழாம் விதி செல்லாது என்று ஆகப்போகிறது என்று நினைத்தேன். அவர் சபையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"புத்தகத்துல எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். வாசிக்கிறப்ப என் பேரு வேணாம். அந்தம்மா பேர மட்டும் வாசிங்க. அதத்தான் அது நம்மகிட்டக் கேட்டுச்சு."

விறாந்தையில் நின்ற பெண்களில் ஒருத்தி விசும்பினாள். நான் குனிந்து புத்தகத்தைப் பார்த்தேன். எழுத்துத் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, அந்தப் பெயரை வாசிக்க எனக்குப் புத்தகம் வேண்டியதில்லை.

"இரத்தினம்மா" என்றேன். மிச்சமிருந்த நான்கு பெயர்களையும் மூக்கையாதான் வாசித்தார்.